வாய் கோணல் என்றால் முதலில் கண்ணைப் பாருங்கள்: ஓவியம் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் வண்ணத்தில் ஒரு முகம் வரைந்தாயிற்று, கூட வரையும் நண்பர்களிடம் காட்டியாயிற்று, ஆளுக்கொன்று சொல்கிறார்கள், இப்போது என்ன செய்வது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்காக, போனில் எடுத்த போட்டோவை வைத்து ஆயில் பெயின்டிங் ஒன்று வரைந்திருக்கிறேன். எங்கள் ஓவியக் குழுவில் ஐந்து பேரிடம் காட்டினேன். வாய் கோணல் என்கிறார் ஒருவர். கண்ணில் உயிர் இல்லை என்கிறார் இன்னொருவர். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, மூக்கு பெரிசு என்று இரண்டு பேர். ஐந்தாவது ஆள், பிரமாதம், தொடாதே என்கிறார். வாயைப் பலமுறை அழித்து வரைந்தும் கோணல் போகவில்லை. யார் பேச்சைக் கேட்பது? படத்தையும் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சாயல் வந்துவிட்டது. உங்கள் அம்மாவைப் பார்த்தே இராத எனக்கு, போட்டோவில் இருப்பவரும் கேன்வாஸில் இருப்பவரும் ஒருவர்தான் என்று சட்டென்று தெரிகிறது. உருவப்படத்தில் கஷ்டமான பகுதி அதுதான். எனவே புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், இதையே திருத்தலாம்.

வாய்க்கு வருவோம். போட்டோவில் அம்மா தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்திருக்கிறார். தலை சாய்ந்தால் புருவம், கண், மூக்கின் அடி, உதடு எல்லாம் சேர்ந்து ஒரே சாய்வில்தான் போகும். நீங்கள் உதட்டை போட்டோவில் இருக்கிற சாய்வில் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். கண்களைத்தான் சாய்க்காமல் நேர்க்கோட்டில் வைத்துவிட்டீர்கள். இரண்டு கண்ணும் சமமாக இருக்கும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், கை போட்டோவைப் பார்க்காமல் தனக்குத் தெரிந்ததை வரைந்துவிடும். பார்க்கிறவர் முதலில் கண்ணைத்தான் பார்க்கிறார், அதை நேர் என்று எடுத்துக்கொள்கிறார், அதற்கு ஒத்துப்போகாத வாய் அவருக்குக் கோணலாகத் தெரிகிறது. ஆக உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை, ஆனால் தப்பு வாயிலும் இல்லை. இத்தனை முறை வாயை அழித்தும் சரியாகாததற்குக் காரணம் இதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். போட்டோவில் ஒரு கண்ணின் வெளி ஓரத்திலிருந்து அடுத்த கண்ணின் வெளி ஓரம் வரை ஒரு ஸ்கேலை வையுங்கள், அப்புறம் உதட்டின் இரண்டு ஓரத்துக்கும் வையுங்கள். அதே மாதிரி கேன்வாஸிலும். வித்தியாசம் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். தலை சாய்ந்திருக்கிற பக்கத்துக் கண்ணை ஒரு நூல் கீழே இறக்குங்கள், புருவத்தையும் அதோடு இறக்குங்கள். வாயைத் தொடவே வேண்டாம்.

இதே இடத்தில் இன்னொன்று. குங்குமப் பொட்டு முகத்தின் நடுக்கோட்டில் இருக்கிறது. அம்மா தலையைக் கொஞ்சம் திருப்பியும் இருப்பதால் அந்த நடுக்கோடு நெற்றியின் நடுவில் போகாமல், திரும்பிய பக்கமாக ஒதுங்கி, லேசாக வளைந்து மூக்கு நுனி, மேலுதட்டின் பள்ளம், தாடை என்று இறங்கும். நீங்கள் பொட்டை நெற்றிக்கு நட்டநடுவே வைத்திருக்கிறீர்கள். அதனால் நெற்றி நம்மைப் பார்க்கிறது, தாடை வேறு பக்கம் பார்க்கிறது. பொட்டை நகர்த்திப் பாருங்கள், முகம் முழுவதும் திரும்பிக்கொள்ளும். நம் ஊர் முகங்களை வரைகிறவர்களுக்குப் பொட்டு பெரிய வரப்பிரசாதம், நடுக்கோடு எங்கே போகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

மூக்கு பெரிசு என்று சொன்னவரும் சரியாகவே பார்த்திருக்கிறார், ஆனால் அது உங்கள் கையின் தப்பு இல்லை. போனைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து எடுத்தால் முகத்தில் முன்னால் இருக்கிற மூக்கு பெரிதாகும், பின்னால் இருக்கிற காதுகள் சிறுத்து ஒதுங்கிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்து, முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது. அம்மா பக்கத்தில் இருந்தால் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து அப்படி ஒன்று புதிதாக எடுங்கள், மூக்கின் அகலத்தையும் காதின் அளவையும் அதில் பார்த்துத் திருத்துங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் அவரையே எதிரில் வைத்து வரையுங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

சாம்பல் பூத்தது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாநிறம், கறுப்பு நிறத் தோலை வரைகிற எல்லாருக்கும் வருகிற பிரச்சினை இது. பழுப்பு நிறத்தைக் கலந்துவிட்டு, வெளிச்சம் படும் இடத்துக்கு அதிலேயே டைட்டானியம் ஒயிட் என்கிற வெள்ளையைச் சேர்த்திருக்கிறீர்கள். டைட்டானியம் ஒயிட் வலுவானது, குளிர்ச்சியான நிறம், ஒரு சொட்டு கூடினாலும் பழுப்பின் சூட்டைத் தின்றுவிடும், தோல் சுண்ணாம்பு தடவிய மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்துக்கு வெள்ளையை முதலில் எடுக்காதீர்கள். பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு) யெல்லோ ஆக்கரை (மண் மஞ்சள்) சேர்த்து எவ்வளவு தூரம் போக முடியுமோ போங்கள், கன்னத்துக்கும் மூக்கு நுனிக்கும் கேட்மியம் ரெட் (பளிச்சென்ற சிவப்பு) துளி, அதற்கும் மேலே வெளிச்சம் வேண்டும் என்றால்தான் வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்க வேண்டாம், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர் நீலம்), கொஞ்சம் அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு) போதும், ஆழமும் கிடைக்கும், உயிரும் போகாது. ஆனால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் பளபளக்கிற அந்தச் சின்னத் திட்டு இருக்கிறதே, அங்கே மட்டும் ஜன்னல் வெளிச்சத்தின் குளிர்ச்சி தெரியலாம், தெரியவும் வேண்டும். கறுத்த தோலின் அழகே அங்கேதான் இருக்கிறது. அதை முகம் முழுக்கத் தேய்த்துப் பரப்பினால்தான் சாம்பல். திருவனந்தபுரம் போனால் அருங்காட்சியக வளாகத்தில், ஸ்ரீசித்ரா கலைக்கூடத்துக்குப் பக்கத்திலுள்ள ரவிவர்மா கலைக்கூடத்தில் இருக்கிற அவருடைய படங்களுக்கு முன்னால் நின்று, தோலில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

கண்ணுக்கும் அதே வைத்தியம்தான். வெள்ளை விழியை நிஜமாகவே வெள்ளையாகப் போட்டிருக்கிறீர்கள். அது ஓர் உருண்டை, மேல் இமையின் நிழலும் அதன்மேல் விழுகிறது, அதனால் கன்னத்தில் வெளிச்சம் படும் இடத்தைவிட அது பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அதை மங்கலான சாம்பல் பழுப்பாக்குங்கள். அப்புறம் கருவிழி மேல் வைக்கிற ஒரு புள்ளி வெள்ளை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சுற்றி எல்லாம் வெள்ளையாக இருக்கும்போது அந்தப் புள்ளிக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது, உயிர் இல்லை என்று நண்பர் சொன்னது அதைத்தான். இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கத்தில் விழ வேண்டும், உங்கள் படத்தில் ஒன்று மேலே இடது பக்கமும் இன்னொன்று நட்டநடுவிலும் இருக்கிறது.

மூக்குத்தியைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஒரு கரும்பழுப்புப் புள்ளி, காய்ந்ததும் அதன்மேல் கெட்டியாக ஒரே ஒரு தொடல், அவ்வளவுதான். கல் கல்லாக வரைய வேண்டாம்.

இனி உங்கள் உண்மையான கேள்வி, யார் பேச்சைக் கேட்பது? ஐந்து பேரில் நான்கு பேர் ஏதோ ஓரிடத்தில் கண் தடுக்கி நின்றிருக்கிறார்கள். அந்த இடத்தை நம்புங்கள். என்ன காரணம், எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்வதை மட்டும் நீங்களே அளந்து பார்க்காமல் ஏற்காதீர்கள். வண்டியில் சத்தம் வருகிறது என்று சொல்கிறவரை மெக்கானிக் நம்புவார், ஆனால் செயினை மாற்றுங்கள் என்று அவரே சொன்னால், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். ஐந்தாவது ஆளின் பாராட்டையும் சும்மா விடாதீர்கள், எது பிரமாதம் என்று கேளுங்கள். அவர் புடவைக் கரையைச் சொன்னால், அந்த இடத்தைத் திருத்தத்தின்போது பத்திரமாகக் காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: குழுவில் படம் போட்டால் ‘சூப்பர்’, ‘செம’ என்று மட்டும்தான் வருகிறது. உருப்படியான கருத்தை எப்படிக் கேட்டு வாங்குவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எப்படி இருக்கு என்று கேட்டால் நன்றாக இருக்கு என்றுதான் பதில் வரும், யாரும் அதற்கு மேல் மெனக்கெட மாட்டார்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறதா? முதலில் கண் எங்கே போகிறது? இவருக்கு என்ன வயது சொல்வீர்கள்? இந்த வயதுக் கேள்வி ரொம்பப் பயன்படும். நாற்பது வயதுக்காரரை வரைந்திருக்கிறீர்கள், எல்லாரும் அறுபது என்கிறார்கள் என்றால் மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இறங்கும் மடிப்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலையும் அழுத்திப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே எங்கே மென்மையாக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் முதல் ஆள் மூக்கு என்று சொல்லிவிட்டால் அடுத்தவர்கள் எல்லாருக்கும் மூக்கு மட்டும்தான் தெரியும். தனியாகக் கேட்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால், அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது.

எப்போது கேட்பது என்பது இதைவிட முக்கியம். முடித்து, கையெழுத்துப் போட்டு, சட்டமும் அடித்த பிறகு காட்டினால் பாராட்டைத் தவிர எதையும் உங்கள் மனசு ஏற்காது, சொல்கிறவருக்கும் வாய் வராது. முகத்தை நான்கைந்து பெரிய நிறத் திட்டுகளாகப் போட்டு வைத்திருக்கும்போதே, இமை முடியெல்லாம் வருவதற்கு முன்னாலேயே காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் தலையையே அரை அங்குலம் நகர்த்தலாம், ஒரு துணியால் துடைத்தால் போதும்.

படம் எடுத்து அனுப்பும்போது கேன்வாஸை வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் வையுங்கள், பிளாஷ் வேண்டாம், போனைக் கேன்வாஸுக்கு நேராகப் பிடியுங்கள், சாய்த்துப் பிடித்தால் முகம் கீழே குறுகிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது. மூலப் போட்டோவையும் கூடவே அனுப்புங்கள், அது இல்லாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: வரையத் தெரியாதவர்கள் சொல்லும் கருத்தை எடுத்துக்கொள்ளலாமா? நான் வரைந்த என் மாமனாரின் படத்தைப் பார்த்துவிட்டு அவருடைய நண்பர்கள் ‘அவர் இப்படிச் சிரிக்கவே மாட்டாரே’ என்கிறார்கள். ஓவிய நண்பர்களோ சிரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: மாமனாரின் சிரிப்பு விஷயத்தில் அவருடைய நண்பர்கள் பக்கம்தான் நான். பழைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் தன் படங்களை வழியில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, பின்னால் ஒளிந்து நின்று என்ன பேசுகிறார்கள் என்று கேட்பாராம். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஒரு செருப்புத் தைப்பவர் செருப்பில் ஒரு வார் குறைகிறது என்று சொன்னதும் அப்பெல்லஸ் திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் காலையும் குறை சொல்ல ஆரம்பிக்க, செருப்போடு நிறுத்திக்கொள் என்றாராம். கதையின் பின்பாதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள், எனக்கு முன்பாதிதான் பெரிதாகப் படுகிறது. செருப்பைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரியும் என்று ஓவியர் ஒத்துக்கொண்டு திருத்தினார் இல்லையா? உங்கள் மாமனாரின் சிரிப்பைப் பற்றி அவரோடு பல வருஷம் பழகியவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. லியோனார்டோ டாவின்சியும், வரையும்போது மற்றவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஓவியர் இல்லாவிட்டாலும் ஒரு மனிதனின் உருவம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்.

ஓவிய நண்பர்கள் உதடு எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அது உண்மையாகவே நன்றாக வரையப்பட்டிருக்கலாம், ஆனாலும் அவருடைய சிரிப்பு இல்லை. உதட்டு ஓரம் இரண்டையும் கொஞ்சம் இறக்கி, அந்த ஓரங்களைக் கூர்மையாக விடாமல் காய்ந்த பிரஷால் லேசாகக் கலைத்துவிட்டு மறுபடி காட்டுங்கள். சிரிப்பு பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது, நடுவில் இல்லை. கீழ் இமையையும் பாருங்கள், சிரிக்கும்போது அது மேலே ஏறும், உதட்டை மட்டும் மாற்றிவிட்டு இமையை விட்டுவிட்டால் முகம் பாதி சிரித்தபடியே நிற்கும்.

கேள்வி: நண்பர்கள் இல்லாத ஊரில் இருக்கிறேன். தனியாகவே தப்பைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. கண்ணாடியில் படத்தைப் பாருங்கள், இதுவும் லியோனார்டோ சொன்னதுதான், இடம் வலம் மாறியதும் வேறு யாரோ வரைந்த மாதிரி தெரியும், கோணல் எல்லாம் எழுந்து நிற்கும். கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பத்தடி பின்னால் போய்க் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அப்போது நுணுக்கம் எல்லாம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும், முகம் அப்போதும் உருண்டையாக இருந்தால் நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, போட்டோவையும் அப்படியே மாற்றி ஒப்பிடுங்கள். அப்புறம் சில நாள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பிப் பார்க்கிற முதல் இரண்டு மூன்று நொடியில் கண் எங்கே போய் நிற்கிறதோ, அதைப் பென்சிலால் உடனே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழகிவிடும்.

கேள்வி: தலைமுடி வெளுத்துப்போய்ச் சாம்பலாகத் தெரிகிறது, இன்னும் கறுப்பு போடு என்கிறார்கள். போட்டாலும் காய்ந்ததும் மறுபடி வெளுக்கிறது. (வாசகி, புதுச்சேரி)

பதில்: கறுப்பு போடாதீர்கள், நிறம் சரியாகத்தான் இருக்கும். கீழே இருக்கிற பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டுவிட்டது, அதனால் மேலே பளபளப்பு போய் வறண்டு வெளுத்துத் தெரிகிறது. அம்பர் போட்ட இடங்களில் இது சகஜம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஒரு துணியில் துளி ஆளிவிதை எண்ணெய் தொட்டு அந்த இடத்தில் மெல்லிசாகத் தேயுங்கள், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஈரமாக இருந்தபோது எப்படி இருந்ததோ அந்த ஆழம் திரும்ப வரும். யாரிடமும் கருத்து கேட்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத குறைக்கு எல்லாரும் வைத்தியம் சொல்வார்கள். திருத்துவதும் இந்த எண்ணெய்ப் பூச்சின் மேலேயே செய்யலாம், புது நிறம் பழையதோடு சரியாகப் பொருந்தும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப் போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

கேள்வி: கருத்து கேட்டால் எங்கள் ஆசிரியர் பிரஷை வாங்கி அவரே வரைந்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. (மாணவி, சென்னை)

பதில்: காய்ந்த படமாக இருந்தால் மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்து, ‘சார், இதில் போட்டுக் காட்டுங்களேன், நான் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்’ என்று கேளுங்கள். சங்கடப்பட மாட்டார், சந்தோஷம்தான் படுவார். அவர் கை எங்கே எப்படிப் போகிறது என்று பார்ப்பதில் ஏகப்பட்ட விஷயம் இருக்கிறது, அதை இழக்க வேண்டாம். ஈரப் படமாக இருந்தால் போனில் எடுத்து, அச்செடுத்த தாளை நீட்டுங்கள்.

கேள்வி: எல்லார் கருத்தையும் கேட்டுத் திருத்திக்கொண்டே போனால் படம் என்னுடையதாக இருக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அளவிலும் நிறத்திலும் வருகிற குறையைத் திருத்துவதால் படம் யாருடையதாகவும் மாறாது. கண்ணை ஒரு நூல் இறக்கினால் அது இன்னும் உங்கள் படம்தான். ரசனையில் வருகிற கருத்து வேறு. பின்னணியில் பூ போடு, புடவையைச் சிவப்பாக்கு, இன்னும் கொஞ்சம் வெள்ளையாக வரை என்பதெல்லாம் அந்த வகை. கடைசியாகச் சொன்னதை, யார் கேட்டாலும், செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் என்ன நிறமோ அந்த நிறத்தில்தான் அவர் அழகு.

பெரிய ஓவியர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 1884-இல் பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் ஒரு பெண்மணியின் முழு உருவப்படத்தை வைத்தார். கறுப்பு உடை, ஒரு பக்கத் தோள்பட்டி நழுவித் தொங்குகிறது. பெரிய கூச்சல். பிறகு சார்ஜென்ட் அந்தப் பட்டியைத் தோளின் மேல் இருக்கிற மாதிரி திருத்தி வரைந்துவிட்டார். ஆனால் அந்த வெளிறிய தோல், பக்கவாட்டில் வெட்டென்று திரும்பிய முகம், வெறும் பழுப்புப் பின்னணி எதையும் அவர் மாற்றவில்லை. பல ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்து 1916-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விற்றார், இன்றும் அங்கே இருக்கிறது.

கேள்வி: காய்ந்த ஆயில் பெயின்டிங்கில் அவசரத்துக்கு, தண்ணீரில் கரைத்து வரைகிற அக்ரிலிக் வண்ணத்தால் திருத்தலாம் என்கிறார் நண்பர். வார்னிஷ் எப்போது அடிப்பது? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. எண்ணெய்ப் பூச்சின் மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது, பின்னால் உரிந்து வரும். அக்ரிலிக் அடியிலும் எண்ணெய் மேலேயும் இருக்கலாம், மாற்றி இருக்கக் கூடாது. திருத்தும்போதும் மேல் பூச்சில் எண்ணெய், கீழே இருப்பதைவிடக் குறையாமல் இருக்கட்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும். கெட்டியாக விழுந்துவிட்ட பழைய பெயின்டை, நிறம் கலக்கிற தட்டைக் கத்தியால் (பேலட் நைஃப்) சுரண்டிவிட்டு அதன்மேல் வரையுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை காத்திருங்கள், கெட்டியாகப் பூசியிருந்தால் இன்னும் கூட. பிறந்தநாளுக்குக் கொடுப்பதாக இருந்தால் வார்னிஷ் இல்லாமலேயே கொடுத்துவிட்டு, அடுத்த பிறந்தநாளுக்குப் போகும்போது அடித்துக் கொடுங்கள்.